கொக்கு நின்ற இடம்

அந்தப் படத்தை வரைந்தவள் நான். கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் எனக்குச் சாதகமாகக் கதையைத் திருப்பிவிடுவேன். அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு ஒன்பது வயதிலேயே இருந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. அப்பா மரக்காணத்து உப்பளம் ஒன்றில் மேஸ்திரி. உப்பளத்தின் ஓரத்திலேயே எங்களுக்கு ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்திகள், மறுபக்கம் கழுவெளி ஏரி. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மண்கரை. மழைக்காலம் முடிந்து ஏரி கடல்போல் விரிந்து கிடக்கும்போது, அந்தக் கரையை நம்பித்தான் எங்கள் ஆட்கள் மூச்சு விட்டார்கள்.

அந்த வருஷம் மழை ஒரு பாட்டம் அதிகம். போதாததற்குக் கடல்முகத்தில் மணல் அடைத்துக்கொண்டு, ஏரித் தண்ணீர் வடிய வழியில்லாமல் நின்றது. ஏரிக்கு மேற்கே இருந்தவர்களின் சம்பா நெல், கதிர் விட்ட நிலையில் பத்து நாளாகத் தண்ணீருக்குள் கிடந்தது. எங்கள் கரையில் ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு வெட்டிவிட்டால் போதும், தண்ணீர் உப்பளத்தின் வழியாக ஓடி அவர்கள் வயல் பிழைக்கும். வெட்டினால் எங்கள் பாத்தி போகும், ஓலை போட்டு மூடி வைத்திருந்த போன வருஷத்து உப்பு அம்பாரங்கள் கரைந்துபோகும். ஒருவன் பிழைக்க வேண்டுமென்றால் இன்னொருவன் மூழ்க வேண்டும். இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை, அப்பா பக்கம்தான் நியாயம்.

அதனால் கரைக்குக் காவல் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், முறை வைத்து. தெற்கு முனையில் ஓலைக் கொட்டகை, அதில் ஒரு தகர டின் தொங்கும். யாராவது கரையில் மண்வெட்டி வைத்தால் டின்னைத் தட்ட வேண்டும், தட்டினால் ஊரே ஓடி வரும்.

எங்கள் வீட்டு முறை விடியற்காலையில் வந்தது. அப்பாவுக்கு அந்த நேரத்தில் இழுப்பு கண்டுவிடும். "நான் போறேன் மச்சான்" என்று மாமா முந்திக்கொண்டார்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தவளையையும் கரப்பான் பாச்சையையும் அறுத்துக் காட்டும் வேலை. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவர் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அதற்குக் காரணம் உண்டு. அப்பாவின் தங்கைக்கும் அவருக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தது. கோயிலில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சாமியார் பூசையில் அறிவிப்பார், அதைத்தான் ஓலை என்போம். இன்னும் இரண்டு ஓலை பாக்கி. அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாமா கூடத்தில் இருந்தால் அத்தை சமையலறையில் இருப்பாள், மாமா கிணற்றடிக்குப் போனால் அத்தை கூடத்துக்கு வருவாள். இருவரும் இப்படி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததில் அம்மாவுக்கு ஏகப்பட்ட சிரிப்பு.

மாமா காவலுக்கு ஆசைப்பட்டது கரைமேல் உள்ள அக்கறையால் அல்ல. அவருக்குப் பறவைப் பைத்தியம். கல்லூரியிலிருந்து ஒரு பைனாகுலரைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். விடியும் நேரத்தில் கழுவெளியில் நிற்கிற பூநாரை, கூழைக்கடா, வடக்கேயிருந்து வந்திறங்கிய வாத்துக் கூட்டம் எல்லாவற்றையும் எண்ணி எழுதுவது அவர் வேலை. சம்பளம் இல்லாத வேலை. "எண்ணி என்னாத்த பண்ணப் போற?" என்று அப்பா கேட்டால், நேற்றைய எண்ணிக்கையை எடுத்துக் காட்டுவார்.

வெளுக்கத் தொடங்கியதும் நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். கையை நீட்டிக் கட்டைவிரலால் கூட்டத்தில் ஒரு துண்டை மறைத்து, அதற்குள் எத்தனை பறவை என்று எண்ணி, மொத்தக் கூட்டத்தில் எத்தனை கட்டைவிரல் என்று பெருக்க வேண்டும். என் கட்டைவிரல் சின்னது என்பதால் என் கணக்கும் அவர் கணக்கும் ஒருநாளும் ஒத்துவரவில்லை. அவர் என் கணக்கையும் எழுதிக்கொள்வார். எங்கள் வீட்டில் என் பேச்சை எழுதி வைத்துக்கொண்ட முதல் மனிதர் அவர்தான்.

படம் போடும் வேலையை எனக்குக் கொடுத்தார். ஒரு பெரிய தாளில் கரை, கொட்டகை, ஏரி. எந்தப் பறவை எங்கே நிற்கிறதோ அங்கே புள்ளி வைக்க வேண்டும். பக்கத்தில் அவர் இங்கிலீஷில் பெயர் எழுதுவார். கரையின் வடக்கு முனை வில்லைப்போல வளைந்திருக்கும். அங்கே நின்று பைனாகுலரில் பார்த்தால் நடுக்கரையின் வெளிச்சரிவு பக்கவாட்டில் தெரியும். கரைமேல் நடப்பவர்களுக்கு அந்த இடம் தெரியாது, முள்ளுப்புதர் மறைத்திருந்தது. அங்கே, உப்பளத்துப் பக்கம், தினமும் ஏழெட்டுக் கொக்குகள் வரிசையாக நின்றன.

"ஏரியில அவ்ளோ தண்ணி இருக்க, இதுங்க ஏன் இங்க வந்து நிக்குது?" என்று மாமா தமக்குள் கேட்டுக்கொண்டார். எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. கொக்குக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. நான் ஏழு புள்ளி வைத்து, அழகுக்காகச் சிவப்புப் பென்சிலால் சுற்றிலும் ஒரு வட்டமும் போட்டேன்.

உப்பளத்திலோ வயலிலோ பிறந்து வளர்ந்த எவரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கரையின் வெளிப்புறத்தில் கொக்கு நிற்கிறதென்றால் அங்கே கரை கசிகிறது. கசிவில் பொடிமீன் வருகிறது, அதைக் கொத்தத்தான் நிற்கிறது. கொக்கு நிற்கிற இடம் கரை செத்த இடம். மாமா பட்டணத்தில் படித்தவர், அவருக்குத் தெரியவில்லை. நான் மேஸ்திரி மகள், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படத்தை அப்பாவிடம் நீட்டவும் செய்தேன். அவர் தலை நிமிராமல், "போய் வாய்ப்பாடு படி" என்றார். ஒருமுறை பார்த்திருந்தால் அன்று மாலையே நாலு ஆளை விட்டு மண் போட்டிருப்பார்.

பார்க்க ஆள் கிடைக்காத படம் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பூசைக்குப் போனேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் என் ஞானத்தகப்பனிடம் காட்டினேன்.

என்னை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்ற மனிதர் அவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு டப்பா கல்கல் பலகாரம் கொண்டுவருவார். அந்த வருஷமும் கொண்டுவந்தார், வெறும் பாதி டப்பா. அவருடைய நிலம் ஏரிக்கு மேற்கே இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் வெட்டுகிறவர்கள் என்பவர்கள் முகத்தில் மரு வைத்து, கண் சிவந்து இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். கல்கல் கொண்டுவருகிறவரை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

அவர் படத்தை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இதற்குமுன் எவரும் என் படத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"இந்த செகப்பு வட்டம் இன்னா பாப்பா?"

"கொக்கு. டெய்லி அங்கதான் நிக்கும்."

"டெய்லியுமா?"

"ஆமா. ஏழு."

அவர் என் தலையில் கை வைத்தார். "இது எங்கிட்ட இருக்கட்டுமா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தூரத்தில் நின்ற மாமா இதைப் பார்த்தார். தாள் கை மாறியதைப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான்.

புதன்கிழமை விடியலில் நானும் மாமாவும் வடக்கு முனையில் இருந்தோம். பனி இன்னும் தண்ணீர்மேல் கிடந்தது. பூநாரைக் கூட்டம் ஒன்று நல்ல பக்கத்தில் நின்றதால் மாமாவின் கண் பைனாகுலரை விட்டு அகலவில்லை. நான்தான் முதலில் பார்த்தேன். நடுக்கரையில் கொக்குகள் ஏழும் ஒரே நேரத்தில் எழும்பின.

"மாமா, கொக்கு பறக்குது."

அவர் பைனாகுலரைத் திருப்பினார். திருப்பியவர் அப்படியே நின்றார். நான் பிடுங்கிப் பார்த்தேன். ஏரிப்பக்கம் ஒரு தெப்பம் கட்டியிருந்தது. கரைமேல் நாலு பேர் இடுப்பில் துண்டோடு குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். பைனாகுலரில் மண்வெட்டி கீழே விழுவது தெரிந்த பிறகு ஒரு மூச்சு கழித்துத்தான் சத்தம் வந்தது.

டின் தெற்கு முனையில் தொங்கியது. நாங்கள் வடக்கு முனையில் இருந்தோம். நடுவில் அவர்கள். எங்களுக்குப் பின்னால் கரை ஏரிச் சேற்றில் இறங்கிக் காணாமல் போய்விடும், அந்தப் பக்கம் வழி கிடையாது.

மாமா ஓடினார். என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார். "டேய், டேய்" என்று கத்தினார். தவளை அறுக்கிறவரின் குரலுக்கு யார் பயப்படுவார்கள்? அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாங்கள் பக்கத்தில் போவதற்குள் கரை தானாகவே வாயைத் திறந்தது. வெட்டியது ஒரு முழ அகலம்தான் இருக்கும். உள்ளே செத்துப்போயிருந்த மண் பொத்தென்று உட்கார்ந்தது. தண்ணீர் பழுப்பாகத் திரண்டு, உறுமிக்கொண்டு உப்பளத்துக்குள் பாய்ந்தது. மூன்று பேர் தெப்பத்துக்குத் தாவினார்கள். ஒருவன் கால் வழுக்கி எங்கள் பக்கத்துச் சேற்றில் விழுந்து முழங்கால்வரை புதைந்துபோனான்.

உடைப்பு எங்கள் கண்ணெதிரே அகலமாகிக்கொண்டிருந்தது. மாமா ஒரு நொடி தெற்கே டின்னைப் பார்த்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார். தனியாகத் தாண்டியிருந்தால் தாண்டியிருப்பார், அதற்குள் நான் அந்தப் பக்கம் மாட்டியிருப்பேன். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சரிவில் இறங்கி, உப்பளத்துப் பக்கமாகச் சுற்றி, மார்பளவுத் தண்ணீரில் நடந்தார். தண்ணீர் அவரை இரண்டு முறை பக்கவாட்டில் தள்ளியது. அவருடைய தலைமுடியை நான் கொத்தாகப் பிடித்திருந்தேன். பைனாகுலர் கழுத்திலிருந்து எப்போது போனது என்று தெரியாது. எனக்கு என் வாழ்நாளில் அதற்குப் பிறகு அவ்வளவு பயம் வந்ததில்லை. பிரசவத்தில்கூட இல்லை.

மேட்டில் என்னை இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போய் டின்னைத் தட்டினார். தட்டி என்ன? ஊர் ஓடி வந்தபோது முப்பது பாத்தி தண்ணீருக்கடியில் இருந்தது. அம்பாரத்தின் ஓலைக் கூரைகள் படகுபோல மிதந்து போயின. உப்பு எந்தச் சத்தமும் இல்லாமல் கரைந்தது. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று உப்பை முறத்தில் அள்ளினார்கள், அள்ளியது கைக்கு வருவதற்குள் தண்ணீராகியது.

மணல் மூட்டை போட்டு உடைப்பை அடைக்க மத்தியானம் ஆயிற்று. அடைத்த பிறகுதான் சேற்றில் புதைந்தவனைக் கொட்டகைக்கு இழுத்து வந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது. நாலு அடி விழுந்ததுமே இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"எங்கள ஏன் அடிக்கிறீங்க? உங்க ஆளு போட்டுக் குடுத்த படம்தான் இது. கொக்கு நிக்கற எடம்னு வட்டம் போட்டு இருக்குது பாருங்க."

ஈரத்தில் ஊறியிருந்தாலும் சிவப்பு வட்டம் நன்றாகத் தெரிந்தது. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போய், படம் கடைசியில் அப்பாவிடம் வந்தது. அப்பா இப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்த்தார்.

"மேஸ்திரி வூட்லேந்து போயிருக்குதுய்யா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதைத் தொடர்ந்து இன்னும் நாலு குரல். உப்பு போன வயிற்றெரிச்சல், யாருடைய கழுத்தைப் பிடிப்பது என்று தேடிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர், அப்பாவோடு பதினைந்து வருஷம் வேலை செய்தவர், மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார், "உனக்குத் தெரியாமலா மேஸ்திரி?"

அப்பாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சுக்கு நடுவே மாமாவிடம் கேட்டார். "இது உன் எழுத்துதான?"

"ஆமா மச்சான்."

"படம் யாரு குடுத்தது?"

நான் வாயைத் திறந்தேன். நான் போட்ட படம் என்று சொல்லத்தான். இத்தனை பேர் கைமாறிப் பார்த்த படத்தைப் போட்டது யார் என்று யாருமே கேட்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு. திறந்த வாயை அம்மாவின் கை அழுத்தி மூடியது. கையில் உப்பு ஈரம் இருந்தது, உதடு எரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தன் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவும் அம்மாவைப் பார்த்தார். அவர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டது அதிக நேரம் இல்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றார் மாமா. "கோயில்ல வெச்சு. இன்னாத்துக்குன்னு தெரியாம குடுத்துட்டேன். மச்சானுக்குத் தெரியாது."

அடி விழுந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. அப்பா தடுக்கவில்லை. மண்வெட்டியோடு நின்ற கிழவர்தான் கடைசியில், "போதும், செத்துகித்துத் தொலையப் போறான்" என்று விலக்கிவிட்டார். வந்த ஆள் செய்த துரோகம், மேஸ்திரி என்ன செய்வார் என்று கூட்டம் கலைந்தது. அப்பாவின் வேலை தப்பியது, எங்கள் வீடு தப்பியது.

சாயங்கால பஸ்ஸுக்கு மாமா பையை எடுத்தார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஓலை வேணாம்னு நான் சாமிகிட்ட சொல்லிடறேன்" என்றார். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அத்தை வெளியே வரவில்லை. அம்மா தம்பிக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள், அவர் கையை நனைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

என்னைத் தேடிக் கதவுக்குப் பின்னால் வந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"கோவமா?"

"அது நான் போட்ட படம்."

அவர் பின்னால் திரும்பி யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். "உன் படம்தான்" என்றார். "ரொம்ப நல்ல படம். யார்கிட்டயும் சொல்லாத, இன்னா?"

திருடியவரே ஒப்புக்கொள்கிறார், போதாததற்கு வெளியே சொல்லாதே என்கிறார்! முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் போனபோது நான் டாட்டாகூடக் காட்டவில்லை. என்னைத் தோளில் சுமந்து வெள்ளத்தைத் தாண்டியவர் என்பது அன்று காலை நடந்த விஷயம், சாயங்காலத்துக்குள் எனக்கு மறந்துவிட்டது.

அந்த வருஷம் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. அந்த வாரச் சனிக்கிழமை பிள்ளைகளை எல்லாம் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்க வைத்தார்கள். சொல்ல வேண்டிய பாவங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டு போனேன். சர்க்கரை தின்றது, தம்பியைக் கிள்ளியது. அதெல்லாம் முடிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு சாமி. எங்க மாமா பொய் சொன்னாரு."

மரச்சல்லடைக்குப் பின்னால் சாமியார் சிரித்ததைப் போல இருந்தது. "உன் பாவத்தைச் சொல்லும்மா, மாமா பாவத்தை மாமா சொல்லுவாரு."

"அந்தப் படத்த அவரு குடுக்கல சாமி. நான்தான் போட்டேன், நான்தான் குடுத்தேன். அவரு குடுத்ததா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் காலை மாற்றி மாற்றி வைத்தாள். சாமியார் போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"இத அப்பாகிட்ட சொல்லுவியா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"அம்மா வாயப் பொத்திட்டாங்க சாமி. மாமாவும் சொல்லாதன்னாரு."

பிறகு, "மாமாவுக்காக மூணு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லு" என்றார். பாவம் செய்தது அவர், முழங்கால் வலிப்பது எனக்கா? ஒன்றைச் சொல்லி, இரண்டை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஒரு பக்கம் உப்பளத்து ஜனம், மறுபக்கம் வயற்காட்டு ஜனம், நடுவில் ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு வழி. என் ஞானத்தகப்பன் தூணுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலைகளை எடுத்தார். முதல் ஜோடியை வாசித்தார். அடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எங்கள் பெஞ்சைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார், தலை குனிந்திருந்த அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. பிறகு அந்தத் தாளை நாலாக மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஒரு குருவானவர் உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது. அந்தக் கல்யாணம் நின்றுபோகாமல் காப்பாற்றுவதற்கு ஊரில் மிச்சமிருந்தது அவருடைய ஒரு வாய்தான், அதையும் முந்தின நாள் நான் போய்ப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். இது எனக்குப் புரிவதற்கு இன்னும் எட்டு வருஷம் ஆக வேண்டியிருந்தது. அதற்குள் அத்தையை எங்கேயோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாமா எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததெல்லாம் இதுதான்: என் படத்தைத் திருடியவருக்குக் கடவுள் தண்டனை கொடுத்துவிட்டார். அத்தையின் கை என் கைக்குள் ஐஸ்போலக் கிடந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள், காணிக்கைப் பாட்டு தொடங்கியது. எங்கள் பெஞ்சில் வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் மட்டும் தலையை நிமிர்த்திக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கும்படி பாடினேன்.